கடலில் சட்டம் இல்லையா, சட்டத்தில் முதலாளி இல்லையா?

2025 மே 25ஆம் தேதி கொச்சிக்கு வெளியே எம்.எஸ்.சி. எல்சா 3 என்கிற கன்டெய்னர் கப்பல் மூழ்கியது. சரியாக மூன்று வாரம் கழித்து, ஜூன் 15 அன்று, அமெரிக்கப் பத்திரிகையாளர் வில்லியம் லாங்கவீஷ காலமானார். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் என் மண்டைக்குள் இரண்டு செய்தியும் ஒட்டிக்கொண்டன. கப்பல் தொழிலைப் பற்றி நான் முதன்முதலில் உருப்படியாகப் படித்த புத்தகம் அவருடையது. 2004இல் வந்த 'தி அவுட்லா சீ'. சட்டத்துக்கு அடங்காத கடல் என்று தமிழில் சொல்லலாம். மூழ்கிய கப்பலில் பறந்தது லைபீரியாவின் கொடி. "நடுக்கடல்ல யாரு சட்டம் சார் செல்லும்?" என்று டிவி விவாதத்தில் ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார். அட, இது நம்ம ஆளோட வசனமாச்சே என்று புத்தகத்தை மறுபடியும் எடுத்தேன்.

முதல் தடவை வாயைப் பிளந்துகொண்டு படித்த புத்தகம். இந்தத் தடவை பாதியிலேயே அதோடு சண்டை போட ஆரம்பித்துவிட்டேன். அந்தச் சண்டையைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கடலைப் பற்றி இவ்வளவு நன்றாக எழுதக்கூடியவர்கள் குறைவு. லாங்கவீஷ விமானியாக வேலை பார்த்தவர். காற்றும் தண்ணீரும் இரும்பை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். 2001 பிப்ரவரியில் இந்தியாவிலிருந்து மொலாசஸ் ஏற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போன கிரிஸ்டல் என்ற டேங்கர் ஸ்பெயினுக்கு வெளியே புயலில் இரண்டாக உடைகிற காட்சியை அவர் எழுதியிருக்கும் விதத்தில் நமக்கே குளிர் எடுக்கும். 1994இல் 852 பேரோடு பால்டிக் கடலில் மூழ்கிய எஸ்டோனியா, குஜராத்தின் அலங் கடற்கரையில் கையால் கப்பல் உடைக்கிறவர்கள் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிற அத்தியாயங்கள்.

அலோண்ட்ரா ரெயின்போ கதையும் இதில் உண்டு. 1999 அக்டோபரில் சுமத்ராவின் குவாலா தஞ்சுங்கிலிருந்து அலுமினியப் பாளங்களோடு கிளம்பிய கப்பல் அது. ஜப்பானியருக்குச் சொந்தம், பனாமாவில் பதிவு. கொள்ளைக்காரர்கள் கப்பலைப் பிடித்து, பெயரை மெகா ராமா என்று மாற்றி, பெலீஸ் கொடி கட்டிக்கொண்டு அரபிக்கடலுக்கு வந்துவிட்டார்கள். நம்ம கோஸ்ட் கார்டும் கடற்படையும் சேர்ந்து துரத்திப் பிடித்தன. மும்பையில் கேஸ் நடந்து 2003இல் தண்டனை. புத்தகம் வெளிவந்த அடுத்த வருஷம், 2005இல், பம்பாய் ஹைகோர்ட் அவர்களை விடுதலை செய்துவிட்டது. கடற்கொள்ளைக்கென்று தனிச் சட்டம் இந்தியாவில் வந்தது 2022இல்தான். ஆக, இந்த ஒரு கேஸில் புத்தகத்தின் தலைப்புக்கு நாமே பின்னால் போய் ஆதாரம் கொடுத்திருக்கிறோம்!

பிரச்சினை தலைப்பில்தான். கடல் என்பது அரசுகளின் கைக்கு எட்டாத இடம், அது அப்படித்தான் இருக்கும் என்பது புத்தகத்தின் அடிநாதம். வசதிக்கொடி பற்றி அவருக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நாட்டுக்காரர் தன் கப்பலை, வரியும் கட்டுப்பாடும் குறைவான இன்னொரு நாட்டில் பணம் கட்டிப் பதிந்துகொண்டு அந்த நாட்டுக் கொடியைக் கட்டிக்கொள்வதுதான் வசதிக்கொடி. அதை அவர் தெளிவாகவே விளக்குகிறார். ஆனால் விளக்கிவிட்டு, அதையும் அலை, புயல், பனிமூட்டம் வரிசையில் வைத்துவிடுகிறார். கடலின் சுபாவங்களில் இன்னொன்று என்கிற மாதிரி. 2019இல் இயன் அர்பினா எழுதிய புத்தகத்துக்கும் 'தி அவுட்லா ஓஷன்' என்றே பெயர். அவருடைய களப்பணி அசாத்தியமானது. தலைப்பு மட்டும் பழைய தலைப்பு.

நான் சொல்வது இதுதான். கடலில் சட்டம் குறைச்சல் இல்லீங்க. படித்து மாளாத அளவுக்கு இருக்கிறது. முதலாளி யார் என்ற கேள்வி வரும் இடங்களில் மட்டும் அந்தச் சட்டம் மிகக் கவனமாக எழுதப்பட்டிருக்கிறது, அல்லது கவனமாக எழுதாமல் விடப்பட்டிருக்கிறது. அதை இயற்கைச் சீற்றம் மாதிரி வர்ணித்தால் எழுதியவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

இதற்கு என்னிடம் இருக்கிற முதல் சாட்சி, புத்தகத்தில் இடம்பெற்றிருக்க வேண்டிய ஒரு பழைய வழக்கு.

கப்பல் போக்குவரத்துக்கான ஐ.நா. அமைப்பு லண்டனில் இருக்கிறது. இன்று அதன் பெயர் சர்வதேசக் கடல்சார் அமைப்பு, சுருக்கமாக ஐ.எம்.ஓ. 1948இல் ஜெனீவாவில் ஒப்பந்தம் போட்டார்கள். அது அமலுக்கு வரவே பத்து வருஷம் ஆனது. 1959 ஜனவரியில் முதல் பேரவை கூடியது. அமைப்பின் முக்கியமான அங்கம் கடல் பாதுகாப்புக் குழு. மொத்தம் 14 நாடுகள். அதில் குறைந்தது 8 நாடுகள் உலகிலேயே அதிகக் கப்பல்களை 'உடைய' நாடுகளாக இருக்க வேண்டும் என்று 28ஆவது பிரிவு சொன்னது. பதிவுக் கணக்குப்படி லைபீரியா மூன்றாவது இடம், பனாமா எட்டாவது இடம். ஆனால் தேர்தலில் இரண்டையும் விட்டுவிட்டார்கள்.

விட்டவர்கள் ஒன்றும் நீதிமான்கள் இல்லை. பிரிட்டன், நார்வே மாதிரியான பழைய கடல் நாடுகள், தங்கள் கப்பல்கள் மலிவான கொடிகளுக்கு ஓடுவதைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தன. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. லைபீரியாவில் யாரிடம் இத்தனை கப்பல் இருக்கிறது? லைபீரியாவின் கப்பல் பதிவேட்டையே 1948இல் உருவாக்கியவர் எட்வர்ட் ஸ்டெட்டினியஸ், அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர். கப்பல்களின் உண்மையான சொந்தக்காரர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள், கிரேக்கர்கள். அப்படியிருக்க 'உடைய நாடு' என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. 1960 ஜூன் 8 அன்று, 9க்கு 5 என்ற கணக்கில் பதில் வந்தது: பதிவான டன் கணக்கைத்தான் பார்க்க வேண்டும், ஆகவே குழு தவறாக அமைக்கப்பட்டிருக்கிறது. அடுத்த பேரவையில் குழுவைக் கலைத்துப் புதிதாக அமைத்தார்கள். லைபீரியாவும் பனாமாவும் உள்ளே வந்து உட்கார்ந்தன.

சட்ட வியாக்கியானமாகப் பார்த்தால் தீர்ப்பில் பெரிய குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு கப்பலின் பின்னாலும் இருக்கிற மனிதர்களைத் தேடிக்கொண்டு கிளம்பினால் எந்தப் பட்டியலும் முடியாது, பதிவேடு என்றால் எல்லோரும் பார்க்கக்கூடிய எண் என்பது நடைமுறைக்கு உகந்த வாதம்தான். ஆனால் அந்த 'நடைமுறை வசதி' என்ன செய்தது என்று பாருங்கள். கப்பலை உடையவர் யார் என்ற கேள்விக்கு, எங்கே பதிவாகியிருக்கிறது என்பது விடையாகிவிட்டது. மன்ரோவியாவில் நின்று எடுத்த முடிவா இது? உலக அமைப்பு ஒன்றின் விதியைப் படித்து, உலக நீதிமன்றம் ஓட்டுப் போட்டு எடுத்த முடிவு. நடுக்கடலில் நடந்தது எதுவும் இல்லை.

இதைச் சரிசெய்ய முயற்சி நடக்காமலும் இல்லை. கப்பலுக்கும் கொடி நாட்டுக்கும் நடுவே 'மெய்யான தொடர்பு' இருக்க வேண்டும் என்று ஐ.நா. கடல் சட்டத்தின் 91ஆவது பிரிவு சொல்கிறது. எது மெய்யான தொடர்பு என்று சொல்லவில்லை. 1986இல் அதைச் சொல்லவே ஒரு தனி உடன்படிக்கை போட்டார்கள். உலகக் கப்பல் டன்னில் கால்வாசியை வைத்திருக்கும் 40 நாடுகள் சேர்ந்தால் அமலுக்கு வரும் என்பது நிபந்தனை. இன்றுவரை வரவில்லை. டன் யாரிடம் இருக்கிறது? வசதிக்கொடி நாடுகளிடம். தன் கடையை மூடச் சொல்லும் தீர்மானத்துக்குக் கடைக்காரரே கையெழுத்துப் போடணுமாம்.

இந்த 'டன்' என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். கப்பல் விஷயத்தில் கிராஸ் டன் என்பது எடை கிடையாது. கப்பலின் உட்கொள்ளளவிலிருந்து கணக்கிடும் ஓர் எண். அந்த ஒற்றை எண் எத்தனை வேலை செய்கிறது! ஐ.எம்.ஓ.வுக்கு ஒவ்வொரு நாடும் கட்டும் சந்தாவில் பெரும்பகுதி அதை வைத்துத்தான். ஒரு புதிய உடன்படிக்கை எப்போது உயிர் பெறும் என்பதும் பெரும்பாலும் அதை வைத்துத்தான். லாங்கவீஷ எழுதிய அலங் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். கப்பல் உடைப்பை ஒழுங்குபடுத்தும் ஹாங்காங் உடன்படிக்கை 2009இல் கையெழுத்தானது. 15 நாடுகள், உலக டன்னில் 40 சதவீதம், அதோடு உடைக்கும் திறனுக்கு ஒரு தனி அளவு. இந்தியா 2019இலேயே சேர்ந்துவிட்டது. கடைசியில் 2023 ஜூன் 26 அன்று வங்கதேசமும் லைபீரியாவும் ஒரே நாளில் சேர்ந்த பிறகுதான் எண்கள் கூடின. 2025 ஜூன் 26 அன்று அமலுக்கு வந்தது, அவர் இறந்து பதினோராம் நாள். அலங்கில் உடைகிற மனிதருக்குப் பாதுகாப்பு வேண்டுமா என்று முடிவு செய்ய மன்ரோவியாவின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் புத்தகத்திலேயே அலங் இருக்கிறது, லைபீரியாவும் இருக்கிறது. இரண்டையும் கட்டியிருக்கும் கயிறு மட்டும் இல்லை.

அதே டன் இன்னொரு வேலையும் செய்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

2021 மே 20 அன்று கொழும்புக்கு வெளியே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் தீப்பிடித்தது. சிங்கப்பூரில் பதிவானது. அந்த வருஷம் பிப்ரவரியில்தான் புதிதாகக் கடலில் இறங்கியிருந்தது. 1,486 கன்டெய்னர்கள். அதில் ஒன்றிலிருந்து நைட்ரிக் அமிலம் கசிவது கொழும்பு வருவதற்கு முன்பே தெரியும். கத்தாரின் ஹமாத் துறைமுகமும் நம்ம குஜராத்தின் ஹசீராவும் அந்தக் கன்டெய்னரை இறக்கிக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டன. இதுவும் சட்டமில்லாத இடத்தில் நடந்தது இல்லை. இரண்டு பெரிய துறைமுகங்களில், எல்லா ஃபார்மும் நிரப்பி நடந்தது. கப்பல் ஜூன் 2ஆம் தேதி மூழ்கியது. ஏறக்குறைய 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கொட்டியது. நீர்கொழும்புப் பக்கம் கடற்கரை முழுக்க ஜவ்வரிசி கொட்டின மாதிரி வெள்ளையாகக் கிடந்த படங்களை எல்லோரும் பார்த்திருப்போம். மீன்பிடிக்கத் தடை போட்டார்கள். ஆமைகள் செத்து ஒதுங்கின.

இழப்பு எவ்வளவு? இலங்கைத் தரப்பு நிபுணர்கள் போட்ட கணக்கு 640 கோடி டாலர். அது கூடுதல் என்று வாதிடலாம். ஆனால் சட்டம் அந்தக் கேள்விக்கே போவதில்லை. கடல்சார் உரிமைக் கோரிக்கைகளுக்கான பொறுப்பு வரம்பு உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. 1976இல் போட்டு 1996இல் திருத்தியது. அதன்படி கப்பல்காரர் கொடுக்க வேண்டிய உச்சத் தொகை, நடந்த சேதத்தைப் பார்த்து வராது. கப்பலின் டன்னைப் பார்த்து வரும். எக்ஸ்பிரஸ் பேர்ள் 31,600 டன் சொச்சம். கையில் கால்குலேட்டர் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். பொருள் சேதத்துக்கு முதல் 2,000 டன் வரை 15.1 லட்சம் எஸ்.டி.ஆர்., அது ஐ.எம்.எஃப். வைத்திருக்கும் ஒரு கணக்குப் பணம். அதற்கு மேல் 30,000 டன் வரை டன்னுக்கு 604. அதற்கும் மேல் டன்னுக்கு 453. கூட்டினால் 1.92 கோடி எஸ்.டி.ஆர். கிட்டத்தட்ட வருகிறது. 2023 ஜூலையில் லண்டன் அட்மிரால்டி கோர்ட் பொறுப்பின் வரம்பை ஏறக்குறைய 1.9 கோடி பவுண்ட் என்று நிர்ணயித்த செய்தியைப் படித்தபோது, என் தாளில் இருந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அது இருந்தது. எவ்வளவு ஆமை, எவ்வளவு மீனவர், எத்தனை மைல் கரை என்று ஒரு தகவலும் நான் போடவில்லை. கப்பல் எவ்வளவு பெரிசு என்பது மட்டும் போதுமாக இருந்தது.

இந்த வரம்பை உடைக்கவே முடியாதா? முடியும். 4ஆவது பிரிவு வழி சொல்கிறது. சேதம் விளைவிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடோ, அல்லது அப்படிச் சேதம் வரக்கூடும் என்று தெரிந்தே பொறுப்பில்லாமலோ, அவரே நேரடியாகச் செய்தார் என்று நிரூபிக்க வேண்டும். 'அவரே'. பதிவேட்டிலேயே முகம் தெரியாமல் இருப்பவரை, இங்கே ஆளாகப் பிடித்து மனசுக்குள் என்ன இருந்தது என்று காட்டணும்.

வரம்புக்குப் பின்னால் பழைய நியாயம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். கப்பல் விட்டவனின் வீடு வாசல் எல்லாம் ஒரு புயலில் போய்விடும் என்றால் யாரும் கப்பல் விட மாட்டார்கள். உச்சத் தொகை தெரிந்தால்தான் இன்சூரன்ஸ் கிடைக்கும். மரக்கலக் காலத்துக்கு இது சரி. டைட்டானிக் மூழ்கியபோது, அமெரிக்காவின் 1851ஆம் வருஷச் சட்டத்தைக் காட்டி, மிஞ்சிய லைஃப்போட்டுகளின் மதிப்பும் அந்தப் பயணத்தின் கட்டண வருமானமும் சேர்த்து ஏறக்குறைய 92,000 டாலரோடு பொறுப்பு முடிந்தது என்று கம்பெனி வாதாடியது. நியாயம் எந்த இடத்தில் நியாயமாக இருப்பதை நிறுத்தியது என்று அங்கேயே தெரிந்திருக்க வேண்டும்.

2025 ஜூலை 24 அன்று இலங்கை உச்ச நீதிமன்றம் வேறு பாதையில் போனது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை வைத்து, 100 கோடி டாலர் கட்டச் சொன்னது. கப்பலை இயக்கிய கம்பெனி கட்ட மாட்டோம் என்றது. உலகக் கடல் வாணிபமே இந்தப் பொறுப்பு வரம்பின் மேல்தான் நிற்கிறது, அதை மீறினால் ஆபத்தான முன்னுதாரணம் ஆகிவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். சட்டத்தை மதிக்காத ஆளின் பேச்சா இது? சட்டத்தைக் கரைத்துக் குடித்தவரின் பேச்சு. 'அவுட்லா' என்ற சொல் இங்கே யாருக்குப் பொருந்துகிறது? கணக்குப்படி பார்த்தால் கொழும்புக் கோர்ட்டுக்குத்தான்.

எல்சா 3 விவகாரமும் இந்த வழியில்தான் போகிறது. 640 கன்டெய்னர்கள், அதில் 12இல் கால்சியம் கார்பைடு. இங்கேயும் பிளாஸ்டிக் குருணை, கேரளத்தைத் தாண்டி கன்னியாகுமரிக் கரை வரைக்கும். கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு ஹைகோர்ட்டுக்குப் போனது. மூழ்கின கப்பலை ஜப்தி செய்ய முடியாது. அதனால் அதே குழுமத்தின் இன்னொரு கப்பலை விழிஞ்ஞத்தில் நிறுத்தி வைத்தார்கள். அப்போது தொடங்கியது நமக்கு இப்போது பழகிவிட்ட அந்தக் கேள்வி: இந்தக் கப்பலின் முதலாளியும் அந்தக் கப்பலின் முதலாளியும் ஒருத்தரா? கோர்ட் செப்டம்பரில் 1,227 கோடி ரூபாய்க்குப் பிணை கேட்டது. மற்றதெல்லாம் நடக்கிற வழக்கு, நான் தீர்ப்பு எழுத வரவில்லை.

லாங்கவீஷயோடு என் பெரிய வருத்தம் இனிமேல்தான். கடலை ஆள முடியாது என்பது அவருடைய முடிவு. ஆனால் ஆண்டிருக்கிறார்கள். எண்ணெய் டேங்கர்களைப் பாருங்கள். 700 டன்னுக்கு மேல் எண்ணெய் கொட்டிய டேங்கர் விபத்துகள் 1970களில் சராசரியாக ஆண்டுக்கு 24க்கு மேல். 2010களில் ஆண்டுக்கு இரண்டுக்கும் குறைவு. இதே காலத்தில் கடல் வழியாகப் போன எண்ணெய் அதிகமாகியிருக்கிறது. அலை மாறவில்லை, புயல் மாறவில்லை. 1978இல் அமோகோ காடிஸ் பிரான்சின் கரையில் உடைந்த பிறகு, 1982இல் ஐரோப்பியத் துறைமுகங்கள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, எந்தக் கொடியாக இருந்தாலும் ஏறிச் சோதிப்போம், குறை இருந்தால் நிறுத்திவைப்போம் என்றன. 1989இல் எக்ஸான் வால்டெஸ் அலாஸ்காவில் தட்டியதும் அமெரிக்கா அடுத்த வருஷமே சட்டம் போட்டது, இரட்டை அடித்தட்டும் இரட்டைப் பக்கச் சுவரும் இல்லாத டேங்கர்களைப் படிப்படியாக வெளியேற்ற. 1992இல் ஐ.எம்.ஓ.வும் அதையே உலக விதியாக்கியது.

1999இல் பிரிட்டனி கரையில் உடைந்த எரிகா இன்னும் சுவாரஸ்யம். மால்டா கொடி. பின்னால் பெட்டிக்குள் பெட்டியாகக் கம்பெனிகள். பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2012இல் இந்தப் பெட்டிகளையெல்லாம் தாண்டி, சரக்கை அனுப்பிய டோட்டால் எண்ணெய் நிறுவனத்தின் பொறுப்பை உறுதி செய்தது. கப்பல் டோட்டாலுடையது இல்லை. ஆனால் அந்தக் கப்பல் ஓடியது யாருக்காக என்று கோர்ட் பார்த்தது. புத்தகம் வந்து எட்டு வருஷம் கழித்து வந்த தீர்ப்பு என்பதால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கடல் அடங்காதது என்று முடிவு கட்டிவிட்டு வாசிக்கிறவருக்கு இப்படி ஒரு தீர்ப்பு வரும் என்றே தோன்றியிருக்காது.

இதில் கசப்பான பகுதி ஒன்று இருக்கிறது. டேங்கர்கள் அடங்கியது, எண்ணெய் கரை ஒதுங்கிய இடம் பிரான்சும் அமெரிக்காவும் என்பதால். அவர்கள் துறைமுகத்தை மூடினால் கப்பல்காரருக்குப் பிழைப்பு இல்லை. கொழும்பு அப்படி மூட முடியுமா? அந்தத் துறைமுகம் பிழைப்பதே பெரிய கப்பலிலிருந்து சின்னக் கப்பலுக்குக் கன்டெய்னர் மாற்றுவதில்தான். முறைத்துக்கொண்டால் கப்பல் வேறு துறைமுகத்துக்குப் போய்விடும். ஆக, கடல் அரசுகளுக்கு எட்டாத இடம் என்பதை விட, எந்த அரசுக்கு எட்டும், எதற்கு எட்டாது என்று கேட்டிருந்தால் அந்தப் புத்தகம் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

ஒரு இடத்தில் அவர் ஜெயித்துவிட்டாரோ என்று நானே யோசித்தேன். ரஷ்ய எண்ணெயைச் சுமக்கும் நிழல் கப்பல்கள். கொடி மாற்றி, பெயர் மாற்றி, இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்து. அலோண்ட்ரா ரெயின்போ கொள்ளைக்காரர்கள் செய்ததை இன்று கம்பெனிகள் செய்கின்றன. 2024 கிறிஸ்துமஸ் அன்று பின்லாந்து வளைகுடாவில் ஒரு மின் கேபிள் அறுந்தது. குக் தீவுகளின் கொடி கட்டிய ஈகிள் எஸ் டேங்கர் நங்கூரத்தை இழுத்துக்கொண்டே போனதுதான் காரணம் என்று கேஸ் போட்டார்கள். 2025 அக்டோபரில் ஹெல்சிங்கி கோர்ட் தனக்கு விசாரிக்க அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. காரணத்தைத் தேடிப் படித்தேன். கடல் சட்டத்தின் 97ஆவது பிரிவு: கப்பல் ஓட்டும்போது நடக்கும் விபத்துக்குக் குற்ற வழக்கு போடும் உரிமை கொடி நாட்டுக்கோ மாலுமியின் சொந்த நாட்டுக்கோதான். திரும்பவும் அதே இடத்துக்கு வந்துவிட்டோம். சட்டம் இல்லாததால் தப்பித்தார்களா?

கடைசியாக ஒரு சொல். எங்க பெரியம்மா மகன், தூத்துக்குடி அண்ணன், இருபது வருஷம் கப்பலில் இருந்தார். கொரோனாவுக்கு முந்தின வருஷம் அவர் இருந்த கப்பலை வளைகுடாத் துறைமுகம் ஒன்றுக்கு வெளியே நங்கூரத்தில் விட்டுவிட்டுக் கம்பெனி காணாமல் போனது. ஒன்பது மாசச் சம்பள பாக்கி. பதிவு ஒரு நாட்டில், சொந்தக்காரக் கம்பெனி இன்னொரு தீவில் ஒரு தபால் பெட்டி, மேனேஜர் மூன்றாவது நாட்டில், ஆள் எடுத்த ஏஜென்ட் மும்பையில். ஒவ்வொருத்தரும் மற்றவரின் போன் நம்பரைக் கொடுத்தார்கள். "இதுல யார்ட்டப் போயி கேக்கது தம்பி?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டது இன்னும் என் போனில் இருக்கிறது.

அப்போது எனக்குப் பதில் தெரியாது. இப்போது தெரியும், பாதி. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 'கப்பல் முதலாளி' என்ற சொல்லுக்கு வேறு விதமாக அர்த்தம் எழுதியிருக்கிறது. பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டும் இல்லை. அவரிடமிருந்து கப்பலை நடத்தும் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, அதோடு முதலாளியின் கடமைகளையும் ஏற்றுக்கொண்ட மேனேஜரோ ஏஜென்டோ வாடகைக்கு எடுத்தவரோ யாராக இருந்தாலும் அவர் முதலாளி, சில வேலைகளை வேறு யாராவது செய்தாலும். 1960இல் ஹேக்கில் பெரிய பெரிய நீதிபதிகள் தாண்டாமல் விட்ட வேலியை, சம்பளம் என்று வந்ததும் ஒரு வாக்கியத்தில் தாண்டியிருக்கிறார்கள். எழுத முடியாத வாக்கியம் இல்லை அது. ஆனால் அந்த உடன்படிக்கையிலும் ஒரு வரம்பு உண்டு. கைவிடப்பட்ட மாலுமிக்கு இன்சூரன்ஸ் கொடுப்பது நாலு மாசச் சம்பளம் வரைக்கும்.

அண்ணனுக்கு அந்த நாலு மாசமும் ஊர் திரும்ப டிக்கெட்டும் வந்தன. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அவருடைய சி.டி.சி. புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். எந்தக் கப்பல், எத்தனை டன், எங்கே பதிவு, எப்போது ஏறி எப்போது இறங்கினார் என்று வரிசையாக இருக்கும். பதிவுத் துறைமுகம் என்ற கட்டத்தில் மன்ரோவியா, மஜுரோ, பனாமா, வல்லெட்டா, மறுபடியும் மன்ரோவியா.

"இதுல ஒரு ஊர்லயும் நான் கால் வச்சதில்ல தம்பி" என்றார். மீதி அஞ்சு மாசச் சம்பளம் இன்னும் வரவில்லை.